பிரிஜித்தின் ஊற்றில் ஜூலை மாதம்

மோஹர் பாறைகளுக்குப் போகும் சுற்றுலாப் பேருந்துகள் லிஸ்கேனர் ஊரைத் தாண்டியதும் வேகமெடுக்கின்றன. அயர்லாந்தின் மேற்குக் கரையில், கிளேர் கவுண்டியில், அட்லாண்டிக் கடலுக்கு மேலே 214 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கும் அந்தப் பாறைகளைப் பார்க்க ஆண்டுக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். வழியில் ஒரு நெடிய கல்தூண் தெரியும். சிலர் ஜன்னல் வழியே அதைப் படமெடுப்பார்கள். தூணுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊற்றுக்காக இறங்குபவர்கள் வேறு மாதிரி ஆட்கள். பலர் கையில் காலி பிளாஸ்டிக் பாட்டில் இருக்கும்.

தூணின் கதையை முதலில் முடித்துவிடலாம். கார்னீலியஸ் ஓ'பிரையன் என்பவர் இந்த வட்டாரத்தின் நிலக்கிழார், நாடாளுமன்ற உறுப்பினர். பாறை உச்சியில் 1835-இல் பார்வையாளர்களுக்காக ஒரு கோபுரம் கட்டினார். சாலை, பாலம் என்று வேறு பலவும் அவர் பெயரில் உண்டு. பாறைகளைத் தவிர இங்கே உள்ள மற்றதெல்லாம் ஓ'பிரையன் கட்டியது என்பது உள்ளூர்க் கிண்டல். 1853-இல், அவர் உயிரோடு இருக்கும்போதே, அவருடைய குத்தகைக் குடிகள் 'மனமுவந்து' கொடுத்த பணத்தில் இந்தத் தூண் எழும்பியது. 1845-இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தின் சூடு ஆறாத காலம் அது. எவ்வளவு மனமுவந்து கொடுத்தார்கள் என்பதில் கிளேர்க்காரர்களுக்கு இன்றும் சந்தேகம் உண்டு. ஓ'பிரையன் 1857-இல் இறந்தார். ஊற்றுக்கு மேலே உள்ள கல்லறைத் தோட்டத்தில், குடும்பக் கல்லறையில் கிடக்கிறார். தூணைப் பார்க்க யாரும் வருவதில்லை.

ஊற்றைக் கிணறு என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் கப்பியும் வாளியும் கொண்ட கிணற்றை எதிர்பார்த்துப் போக வேண்டாம். குன்றின் சரிவிலிருந்து கசியும் நீர் அது. அதற்கு முன்னால் ஒரு சிறு தோட்டம், கண்ணாடிப் பெட்டிக்குள் புனித பிரிஜித்தின் சுரூபம். சுரூபத்தைக் கடந்தால் கல்லால் கட்டிய ஒரு குறுகிய நடைவழி கெபி போல உள்ளே போகிறது. எதிரெதிரே இருவர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். அதன் கோடியில், இருட்டில், நீர் விழும் சத்தம் முதலில் கேட்கிறது. கண் பழகிய பிறகுதான் தொட்டி தெரிகிறது.

அந்த நடைவழியின் சுவர்களை எப்படிச் சொல்வது? சுவர் தெரிவதே இல்லை. செபமாலைகள் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. கன்னி மரியாளும் திரு இருதய ஆண்டவரும் பாத்ரே பியோவும் குழந்தை இயேசுவும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து நிற்கிறார்கள். ஊன்றுகோல், மூக்குக்கண்ணாடி, குழந்தையின் ஒற்றைக் காலுறை, ஆஸ்துமாக்காரர் உறிஞ்சும் மருந்துக் குழல். இவற்றுக்கு நடுவே நூற்றுக்கணக்கான நினைவு அட்டைகள். அயர்லாந்தில் ஒருவர் இறந்தால் அவருடைய படம், பிறந்த இறந்த தேதிகள், ஒரு செபம் ஆகியவற்றை அச்சிட்டுச் சொந்தபந்தங்களுக்குக் கொடுப்பார்கள். அதில் ஒன்றைக் கொண்டுவந்து இங்கே செருகிவிட்டுப் போகிறார்கள். கிழவர்கள் சிரிக்கிறார்கள். டிராக்டர் மேல் உட்கார்ந்திருக்கும் இருபது வயதுப் பையன்களும் சிரிக்கிறார்கள். இவர்கள் எதில் போனார்கள் என்று அட்டை சொல்லாது. சாலையிலா, கடலிலா, தன் கையாலா என்று பார்ப்பவர் ஊகிக்க வேண்டியதுதான்.

அழகான இடம் என்று சொல்ல மாட்டேன். கூரையிலிருந்தும் சுவரிலிருந்தும் நீர் வழிந்துகொண்டே இருக்கிறது. ஈரம் முதலில் மையைத் தின்கிறது, பிறகு காகிதத்தை. சில படங்களில் முகம் போய்ச் சட்டை மட்டும் மிஞ்சியிருக்கிறது. பாசி பிடித்த சுரூபங்களுக்கு மேலே புதிய சுரூபங்கள் வந்து நிற்கின்றன. ரசனையோடு அடுக்கப்பட்ட ஐரோப்பியத் தேவாலயங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது குப்பையாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்று யாரும் கேட்காத ஓர் இடம் மனிதர்களுக்கு எவ்வளவு தேவையாக இருந்திருக்கிறது என்றுதான் தோன்றியது.

வெளியே எழுபதைத் தாண்டிய ஒரு தம்பதி சுற்றத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். சுற்றுவதுதான் இங்கே முக்கியமான சடங்கு. அயர்லாந்தில் புனித ஊற்றுகள் சுமார் 3,000 இருப்பதாகச் சொல்வார்கள். பெரும்பாலானவற்றில் வழிபாடு என்பது நடப்பதுதான். செபம் சொல்லிக்கொண்டே, சூரியன் போகும் திசையில், வலமாக. கீழே சுரூபத்தைச் சுற்ற வேண்டும், படியேறி மேலே கல்லறைத் தோட்டத்தில் உள்ள சிலுவையைச் சுற்ற வேண்டும், கடைசியில் ஊற்றுக்கு வந்து நீர் குடிக்க வேண்டும். சில ஊர்களில் எண்ணிக்கை தவறாமலிருக்கக் கூழாங்கற்களைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றுக்கு ஒன்றாகக் கீழே போடுவார்கள்.

எப்படிச் செய்வது என்று அந்த அம்மாளைக் கேட்டேன்.

"சுரூபத்துகிட்ட ஆரம்பிங்க. முழங்கால் போட்டு, செபம் சொல்லி, அப்புறம் சுத்துங்க" என்றார்.

"மேலே சிலுவையிலதான் ஆரம்பிக்கணும்" என்றார் கணவர்.

"எங்கம்மா சாகிற வரைக்கும் இங்கேதான் ஆரம்பிச்சாங்க."

"உங்கம்மா மில்டவுன்காரங்க. அவங்களுக்கு என்ன தெரியும்?"

எத்தனை சுற்று என்பதிலும் அவர்களுக்குள் ஒத்துப்போகவில்லை. ஒன்றில் மட்டும் இருவரும் உறுதியாக இருந்தார்கள். இடமாகச் சுற்றக் கூடாது.

அந்த உறுதிக்குப் பின்னால் பழைய கதைகள் உண்டு. பாயின் நதி பிறந்த கதையில் போவன் என்ற பெண் தடை செய்யப்பட்ட ஓர் ஊற்றை இடமாகச் சுற்றுகிறாள். ஊற்று பொங்கி அவளுடைய ஒரு கண்ணையும் ஒரு கையையும் ஒரு காலையும் பறித்துக்கொண்டு, கடல்வரை அவளைத் துரத்தி நதியாகிறது. ஸ்லைகோ கரைக்கு அப்பால் இனிஷ்மரே என்ற தீவில் சாபக் கற்கள் இருக்கின்றன. யாரையாவது சபிக்க வேண்டுமென்றால் அவற்றை இடப்பக்கமாகத் திருப்ப வேண்டும். அந்தத் தீவில் 1948-க்குப் பிறகு ஆட்கள் இல்லை. கற்கள் இருக்கின்றன.

நான் ஜூலைக் கடைசியில் இங்கே வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பிரிஜித்தின் திருநாள் பிப்ரவரி 1. அயர்லாந்தின் கிராமங்களில் அது வசந்தத்தின் முதல் நாள். முந்தைய இரவு கோரைத் தண்டுகளைப் பின்னிச் சிலுவை செய்து வீட்டு வாசலிலும் மாட்டுக் கொட்டிலிலும் செருகுவார்கள். ஒரு துணியை வெளியே போட்டுவைப்பார்கள். அன்றிரவு பிரிஜித் அந்த வழியாகப் போகிறாள், துணியைத் தொட்டுவிட்டுப் போவாள், அதன் பிறகு அதைத் தலையில் கட்டினால் தலைவலி தீரும். 2023 முதல் அந்த நாளை ஒட்டி அரசு விடுமுறையும் வந்துவிட்டது. அயர்லாந்தில் ஒரு பெண்ணின் பெயரில் வரும் முதல் பொது விடுமுறை அதுதான். ஆனால் லிஸ்கேனரில் பழைய பெரும் திருவிழா பிப்ரவரியில் நடக்கவில்லை. ஜூலையின் கடைசி ஞாயிறன்று நடந்தது. பிப்ரவரிப் புனிதைக்கு ஜூலையில் ஏன் கூட்டம்?

இந்தக் கேள்விக்கு மிக விரிவாக விடை தேடியவர் மாய்ரே மக்நீல். அயர்லாந்து நாட்டார் வழக்காற்று ஆணையத்தில் வேலை பார்த்தவர். வரலாற்றாசிரியரும் விடுதலை இயக்கத் தலைவருமான ஓயன் மக்நீலின் மகள். 1962-இல் வெளிவந்த அவருடைய 'லூனசா திருவிழா' ஏறத்தாழ எழுநூறு பக்கம் போகும் நூல். ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்டு தொடக்கத்திலும் மலையுச்சிகளிலும் ஏரிக்கரைகளிலும் ஊற்றுகளிலும் மக்கள் கூடிய இருநூறுக்கு அருகிலான இடங்களை அதில் தொகுத்திருக்கிறார். ஊருக்கு ஊர் அந்த நாளுக்குப் பெயர் வேறு. கார்லண்ட் ஞாயிறு, க்ரோம் துவ் ஞாயிறு, பில்பெரிப் பழம் பறிக்கும் ஞாயிறு. எல்லாம் கிறித்தவத்துக்கு முந்தைய லூ என்ற தெய்வத்தின் அறுவடை விழாவான லூனசாவின் மிச்சம் என்பது அவருடைய முடிவு.

லிஸ்கேனர் விழாவைப் பற்றி அந்த நூலில் உள்ள சித்திரம் மனதில் நிற்கக்கூடியது. சனிக்கிழமை மாலை கிளேர் முழுவதிலுமிருந்து ஆட்கள் நடந்து வருகிறார்கள். கடலுக்கு அப்பால் ஆரன் தீவுகளிலிருந்து கரக் என்னும் தார் பூசிய இலேசான படகுகளில் தீவுக்காரர்கள் வருகிறார்கள். இரவு முழுக்க ஊற்றருகே விழித்திருந்து சுற்றுகிறார்கள். ஆரன்காரர்கள் ஐரிஷ் மொழியில் பாடுகிறார்கள். விடிந்ததும் எல்லோரும் லஹிஞ்ச் கடற்கரைக்கு இறங்குகிறார்கள். அங்கே மணலில் குதிரைப் பந்தயம், ஆட்டம், தின்பண்டம், குடி. ராத்திரி முழுக்கச் செபம், பகல் முழுக்கக் கொண்டாட்டம். இரண்டுக்கும் நடுவே யாரும் கோடு கிழித்துக்கொள்ளவில்லை.

லூ தெய்வம் ஒருபுறம் இருக்கட்டும். இந்தத் தேதிக்குப் பின்னால் எனக்குத் தெரிவது பசி. பழைய அயர்லாந்தில் ஜூலை வயிறு காய்ந்த மாதம். போன வருடத்து உருளைக்கிழங்கு தீர்ந்திருக்கும், புதியது மண்ணுக்குள் முற்றாமல் இருக்கும். முட்டைக்கோசு மாதம் என்றே ஜூலைக்கு ஒரு பெயர் இருந்தது, தின்ன அதுதான் இருந்தது என்பதால். கார்லண்ட் ஞாயிறன்றுதான் முதல் கிழங்கைத் தோண்டுவார்கள். அதற்கு முன்னால் தோண்டுகிறவன் குடும்பம் நடத்தத் தெரியாதவன் என்று பேச்சு வாங்குவான். அந்த ஞாயிறு பசி முடிகிற நாள். அப்படியொரு நாளில் நன்றி சொல்ல ஓர் இடமும் கூத்தடிக்க ஓர் இடமும் வேண்டும். லிஸ்கேனரில் ஊற்றும் லஹிஞ்சில் மணலும் இருந்தன.

இன்னொரு காரணம் என் சொந்த ஊகம். பாறைகளின் மேலிருந்து பார்த்தால் ஆரன் தீவுகளில் கடைசியான இனிஷ் ஈர் கைக்கெட்டும் தொலைவில் இருப்பதுபோல் தெரிகிறது. நடுவே உள்ள கடலைப் பிப்ரவரியில் கரக்கில் கடக்க நினைப்பவன் பிரிஜித்திடம் நேரிலேயே போய்ச் சேருவான். மேற்குக் கரையில் திருவிழாவின் தேதியைக் கடலும் சேர்ந்துதான் முடிவு செய்திருக்கும்.

மக்நீலின் முடிவை எல்லோரும் ஏற்கவில்லை. மைக்கேல் கேரல் என்ற சமூகவியலாளர் 1999-இல் எழுதிய நூலில் இதற்கு நேரெதிர் வாதத்தை வைத்தார். ஊற்று வழிபாடு நமக்குத் தெரிந்த வடிவில், அதாவது சுற்றுவதும் எண்ணுவதும் குறிப்பிட்ட நாளில் கூடுவதுமாக, கெல்டியப் பழமை அல்ல என்றார் அவர். 16-ஆம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தத்துக்குப் பிறகு, ஆலயங்கள் கைமாறிப்போன காலத்தில், கத்தோலிக்கர்கள் உருவாக்கிக்கொண்டது என்பது அவர் தரப்பு. மூவாயிரம் ஆண்டு அறுபடாத மரபு என்று கையேடுகளில் அச்சடிக்கிறவர்கள் இந்த நூலைப் படித்திருக்க மாட்டார்கள். என்னைக் கேட்டால் இரண்டு தரப்பும் தங்களுக்குத் தெரிந்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சொல்கின்றன. சடங்கின் வடிவம் புதிதாக இருக்கலாம். ஆனால் ஜூலையின் கடைசி ஞாயிற்றை எந்தச் சபையும் பிரிஜித்துக்குக் கொடுக்கவில்லை. அது வயலிலிருந்து வந்தது.

பிரிஜித் யார் என்பதிலும் இதே சண்டைதான். கில்டேரில் மடம் நிறுவி 525-ஐ ஒட்டி இறந்ததாகச் சொல்லப்படும் துறவி ஒருத்தி. ஏழாம் நூற்றாண்டிலேயே கோகிடோசஸ் என்ற துறவி அவளுக்கு ஒரு சரிதம் எழுதிவிட்டார். அதில் அவள் நனைந்த மேலாடையைச் சூரியக் கதிரின் மேல் காயப்போடுகிறாள். இன்னொரு கதையில் குளிப்பதற்கு வைத்திருந்த நீரைப் பியராக்கிக் குஷ்டரோகிகளுக்குக் கொடுக்கிறாள். இப்படி ஒரு புனிதையை எந்த ஊரும் விட்டுக்கொடுக்காது. கி.பி. 900-ஐ ஒட்டிய 'கார்மக்கின் சொல்லகராதி'யோ பிரிஜித் ஒரு பெண் தெய்வம், கவிஞர்கள் வணங்குபவள், மருத்துவத்துக்கும் கொல்லுத் தொழிலுக்கும் உரிய அதே பெயர் கொண்ட இரண்டு சகோதரிகள் அவளுக்கு உண்டு என்கிறது. சில வரிகள்தான். இன்று பிப்ரவரியில் தீ வளர்த்துத் தேவியைக் கொண்டாடுபவர்கள் பெரிதும் அந்தச் சில வரிகளின் மேல்தான் நிற்கிறார்கள்.

இங்கே ஒரு விலகல். ஜான் ஓ'டொனவன் செய்த அந்த அகராதியின் மொழிபெயர்ப்பு குறிப்புகளோடு அச்சானது டப்ளினில் அல்ல, கல்கத்தாவில், 1868-இல். பதிப்பித்தவர் விட்லி ஸ்டோக்ஸ் என்ற டப்ளின்காரர். 1862-இல் சென்னைக்கு வந்தவர், பின்னர் கல்கத்தா போய் அரசின் சட்டத்துறையில் உயர்ந்தவர். பகலில் இந்தியாவுக்குச் சட்டம் எழுதிவிட்டு மிச்ச நேரத்தில் பழைய ஐரிஷ் ஏடுகளைப் பதிப்பித்துக்கொண்டிருந்தார். பேட்ரிக், பிரிஜித், கொலம்பா மூவரின் வாழ்க்கையைச் சொல்லும் இடைக்கால ஐரிஷ் மறையுரைகளையும் 1877-இல் கல்கத்தாவிலேயே அச்சிட்டார். பிரிஜித்தைத் தேவியென்றும் புனிதையென்றும் சொல்லும் இரண்டு தரப்புச் சான்றுகளும் ஹூக்ளி ஆற்றங்கரை அச்சகங்களில் மை பூசிக்கொண்டு வெளிவந்திருக்கின்றன.

ஊற்றுகளை ஒழிக்க முயன்றவர்களின் பட்டியல் நீளமானது. கத்தோலிக்கர்களை ஒடுக்க வந்த தண்டனைச் சட்டங்களில் ஒன்று, 1704-இல் நடைமுறைக்கு வந்தது, புனித ஊற்றுகளில் கூடுவதைக் கலகம் என்று அறிவித்தது. கூடுகிற ஒவ்வொருவருக்கும் 10 ஷில்லிங் அபராதம். அங்கே பியரும் தின்பண்டமும் விற்பவருக்கு 20 ஷில்லிங். கட்டாவிட்டால் சாட்டையடி. சிலுவைகளையும் படங்களையும் இடிக்க அதிகாரிகளுக்கு உத்தரவு. விற்பவருக்கு இரட்டை அபராதம் விதித்ததைக் கவனிக்க வேண்டும். கூட்டத்தைக் கட்டிவைப்பது எது என்று சட்டம் எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது.

சட்டத்தால் முடியாததைப் பின்னாளில் கத்தோலிக்கத் திருச்சபையே ஓரளவு செய்து முடித்தது. திருவிழாக்களில் குடி மிகுந்து, ஊருக்கும் ஊருக்கும் குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் தடியடி நடப்பது வழக்கமாகியிருந்தது. தலை உடையாத திருவிழாவைத் திருவிழா என்றே சிலர் ஒத்துக்கொள்வதில்லை. ஆயர்கள் தடை போட்டார்கள், பங்குக் குருக்கள் தடியோடு போய்க் கூட்டத்தைக் கலைத்தார்கள். பிறகு 1845-இல் பஞ்சம் வந்தது. ஊற்றுக்கு வருபவர்களாகிய ஏழை, நிலமற்ற, ஐரிஷ் பேசும் ஜனங்கள்தான் அதிகம் செத்தார்கள், அல்லது கப்பலேறினார்கள். 1850-இல் தர்லஸ் நகரில் கூடிய ஆயர் மன்றத்துக்குப் பிறகு சமயம் திறந்த வெளியிலிருந்து கோயிலுக்குள் போனது. வாரந்தோறும் திருப்பலி, வரிசையாக இருக்கைகள், நேரம் தவறாத மணி. பின்பு ஊற்றுகளை ஒழிக்க முடியாது என்று தெரிந்ததும் குருக்கள் அவற்றில் மரியாளின் சுரூபத்தை நட்டு, செபமாலையைச் சேர்த்து, தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். இன்று அயர்லாந்தில் ஞாயிறு திருப்பலிக் கூட்டம் கரைந்துவிட்டது. குருக்கள் கிடைப்பதில்லை. லிஸ்கேனர் நடைவழியில் இடம் கிடைப்பதில்லை.

கதைகளுக்கு வருகிறேன். 1937 முதல் 1939 வரை நாட்டார் வழக்காற்று ஆணையம் ஒரு காரியம் செய்தது. தொடக்கப் பள்ளிகளின் மேல் வகுப்புப் பிள்ளைகளிடம் நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, வீட்டுக்குப் போய்த் தாத்தா பாட்டியைக் கேட்டு எழுதி வாருங்கள் என்றது. ஏறத்தாழ 5,000 பள்ளிகளில் 50,000 பிள்ளைகள் எழுதினார்கள். அவர்களுக்குத் தந்த தலைப்புகளில் புனித ஊற்றும் ஒன்று. அந்தப் பக்கங்கள் இப்போது இணையத்தில் கிடைக்கின்றன. கோணல் மாணலான கையெழுத்தில், ஊர் ஊராக, ஒரே கதைகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

ஊற்று நீரை அடுப்பிலேற்றினால் கொதிக்காது. விறகு எவ்வளவு வைத்தாலும் கொதிக்காது. மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு மீன் இருக்கும், அதைத் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். ஊற்றருகே நிற்கும் மரத்தை வெட்டி எரித்தால் எரியாது, அல்லது வெட்டியவன் வீடு எரியும். ஒருத்தி ஊற்றில் அழுக்குத் துணி துவைக்கிறாள். மறுநாள் ஊற்று அங்கே இல்லை, வேலிக்கு அப்பால் அடுத்த வயலில் பொங்குகிறது. வேற்று மதத்து நிலக்கிழான் ஒருவன் ஏளனமாகத் தன் குருட்டுக் குதிரையைக் கொண்டுவந்து கண்ணைக் கழுவுகிறான். குதிரைக்குப் பார்வை வருகிறது. அவனுக்குப் போகிறது.

இவற்றை மூடநம்பிக்கை என்று தள்ளுபவர்களும் தவறவிடுகிறார்கள், ஆழ்ந்த குறியீடு என்று உருகுபவர்களும் தவறவிடுகிறார்கள். இந்தக் கதைகள் பெரும்பாலும் காவல்காரர்கள். அழுக்குத் துணியைத் துவைக்காதே, குடிக்கும் நீரில் கால்நடையை இறக்காதே, மரத்தை வெட்டாதே, இது உன் நிலத்தில் இருக்கலாம் ஆனால் உன்னுடையது அல்ல. போலீசும் பஞ்சாயத்தும் நிலக்கிழானின் பக்கம் நின்ற ஊரில் பொதுச் சொத்தைக் காக்கக் குருட்டுக் குதிரைக் கதைதான் இருந்தது.

லிஸ்கேனர் ஊற்றில் ஒரு விலாங்கு மீன் உண்டு என்பது பழைய பேச்சு. அது கண்ணில் பட்டால் வேண்டியது நடக்கும். நான் நின்ற நேரத்தில் தொட்டியில் நாணயங்களும் ஒரு தண்ணீர்க் குவளையும்தான் தெரிந்தன. வெளியே அந்தத் தம்பதி இரண்டாவது சுற்றில் இருந்தார்கள். மேலே ஆரம்பித்தார்களா கீழே ஆரம்பித்தார்களா என்று தெரியவில்லை, இருவரும் இப்போது சேர்ந்து நடந்துகொண்டிருந்தார்கள். விலாங்கைப் பார்த்ததுண்டா என்று கணவரைக் கேட்டேன். "என் பெரியப்பா பார்த்தாராம். ஆனா அவர் என்னென்னவோ பார்ப்பார்" என்றார்.

ஒவ்வொரு ஊற்றுக்கும் ஒரு வைத்தியம் உண்டு. கண்ணுக்கானவை ஏராளம். பல்வலிக்கு, முதுகுவலிக்கு, மருவுக்கு, பிள்ளை வரத்துக்கு என்று தனித்தனி. கெர்ரியில் க்ளான் ந நியால்ட் என்ற பள்ளத்தாக்குக்குப் பெயரே பைத்தியக்காரர்களின் பள்ளத்தாக்கு. புத்தி பேதலித்தவர்கள் அங்கே தாமாகவே போய்ச் சேர்ந்து, ஊற்று நீரைக் குடித்து, அங்கே விளையும் நீர்க்கீரையைத் தின்று தெளிவார்களாம். டவுன்பேட்ரிக் அருகே ஸ்ட்ரூயலில் கல்லால் கட்டிய குளியல் அறைகளே இருக்கின்றன, ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. ஆரன் தீவில் ஓர் ஊற்றில் பிறவிக் குருடான பையனுக்குப் பார்வை வந்த கதையை ஒரு கிழவர் நாடகாசிரியர் ஜான் சிங்குக்குச் சொன்னார். சிங் அதைத் தன் பயண நூலில் எழுதினார். பிறகு அந்த ஊற்றை வைத்தே 'புனிதர்களின் கிணறு' என்ற நாடகமும் எழுதினார். 1905-இல் அரங்கேறிய அந்த நாடகத்தில் பார்வை கிடைத்த குருட்டுத் தம்பதிக்கு உலகம் பிடிக்கவில்லை. இரண்டாம் முறை குணமாக்க வரும் துறவியின் கையிலிருந்து நீரைத் தட்டிவிடுகிறான் கிழவன். டப்ளின் பார்வையாளர்கள் அதை ரசிக்கவில்லை.

பல ஊற்றுகளின் பக்கத்தில் ஒரு மரம் நிற்கும், பெரும்பாலும் முள்மரம் அல்லது ஆஷ் மரம். அதில் துணிக் கிழிசல்கள் கட்டியிருக்கும். வேண்டுதல் முடிச்சு என்று எளிதில் நினைத்துவிடுவோம். ஆனால் கணக்கு வேறு. நோயாளியின் உடம்பில் பட்ட துணியை நனைத்து, வலித்த இடத்தைத் துடைத்து, மரத்தில் கட்டுகிறார்கள். துணி மக்க மக்க நோய் குறையும். அதை யாராவது அவிழ்த்தெடுத்தால் நோய் அவரைப் பிடித்துக்கொள்ளும். பருத்தியும் கம்பளியும் இருந்த காலத்தில் இது சரியாக வேலை செய்தது. இப்போது கட்டுவது பாலியெஸ்டர், நைலான் ரிப்பன், பிளாஸ்டிக் பை. பத்து வருடமானாலும் மக்காது. பழைய விதிப்படி பார்த்தால் அந்த நோயாளிகளின் நிலைமை கவலைக்கிடம்தான். மரத்தின் நிலைமையும். இறுகக் கட்டிய நைலான் கிளையை வெட்டுகிறது, பட்டையில் அடித்த நாணயம் மரத்தை நஞ்சாக்குகிறது. பருத்தித் துணி மட்டும் கட்டுங்கள் என்று சில இடங்களில் பலகை வைத்திருக்கிறார்கள். சில ஊற்றுகளில் நீர் குடிக்க உகந்ததல்ல என்ற பலகையும் உண்டு. அதன் பக்கத்திலேயே நின்று குடிக்கிறார்கள்.

ஊற்றுகளை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர்களில் டிராவலர் சமூகத்தை முதலில் சொல்ல வேண்டும். தலைமுறை தலைமுறையாக வண்டிகளில் ஊர் சுற்றி வாழ்ந்த, அயர்லாந்தின் மற்றவர்கள் இன்றும் தள்ளியே வைத்திருக்கும் மக்கள். குழந்தைக்கு உடம்பு சரியில்லையென்றால் கவுண்டிகள் தாண்டிக்கூட ஒரு குறிப்பிட்ட ஊற்றுக்கு வண்டியோட்டிப் போவார்கள். லிஸ்கேனரிலும் அன்று ஒரு குடும்பம் வேனில் வந்து இறங்கியது. பாட்டி சக்கர நாற்காலியில். நடைவழிக்குள் நாற்காலி போகவில்லை. பேரன் உள்ளே போய்க் குவளையில் நீர் மொண்டு வந்தான். பாட்டி குடித்துவிட்டு, மிச்சத்தை முழங்காலில் தேய்த்துக்கொண்டு, நாற்காலியில் இருந்தபடியே சுரூபத்தைச் சுற்றித் தள்ளச் சொன்னாள். இடப்பக்கம் திருப்பிய பேரனுக்கு ஓர் அடி விழுந்தது.

மாலையில் லஹிஞ்சுக்கு வந்தேன். பழைய திருவிழாவின் பாதி இங்கேதான் நடந்தது. கார்லண்ட் ஞாயிற்றுக் குதிரைப் பந்தயம் இப்போது இல்லை. பந்தயம் ஓடிய மணலில் சர்ஃபிங் பலகைகளோடு பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். ஐஸ்கிரீம், வறுத்த மீன், கூட்டம், கத்தல் எல்லாம் அப்படியே. ஊரை விட்டு வெளியே வரும் சாலையில் ஒருவர் காரின் பின்கதவைத் திறந்துவைத்துப் புது உருளைக்கிழங்கு விற்றுக்கொண்டிருந்தார். குயீன்ஸ் என்ற ரகம், வேகவைத்தால் தோல் வெடித்து மாவாகச் சிரிக்கும். எப்போது தோண்டியது என்று கேட்டேன். ஜூன் கடைசியிலேயே தோண்ட ஆரம்பித்தாயிற்று என்றார். கார்லண்ட் ஞாயிறு வரை பொறுக்கவில்லையா என்றதும் சிரித்தார்.

"எங்க தாத்தா இருந்திருந்தா என்னை வீட்டுக்குள்ள விட்டிருக்க மாட்டார். ஆனா அவருக்கு டூரிஸ்ட் கிடையாதே. ரெண்டு கிலோவா, அஞ்சு கிலோவா?"